அவன் பெயர் என்ன?

வகுப்பறையில் ஒரு நாள், அமெரிக்கக் குடியேற்ற நாடுகளின் கதையைச் சொல்லிக் கொண்டிருந்தேன். சொல் மட்டும் போதாது, கண்ணுக்கும் விருந்து வேண்டும் என்றெண்ணி, நூலொன்றில் இருந்த ஓவியத்தைப் பிள்ளைகளிடம் காட்டினேன்.

பட்டாடை உடுத்த சிறுவன் நடுநாயகமாக நிற்கிறான். கையிலே வில். அவனுக்குப் பின்னே அணிவேலைப்பாடு மிகுந்த கைப்பிடிச் சுவர். அதற்கும் அப்பால் அழகிய பூங்கா, மாளிகை. அந்தச் சுவரை ஒட்டி, அதற்கு மறுபுறத்திலே இன்னொரு சிறுவன். கருநிறத்தவன். இறந்த பறவையொன்றை ஏந்திக் கொண்டு, வில்லேந்தியவனின் முகத்தையே அண்ணாந்து பார்க்கிறான். அவன் கழுத்திலே வெள்ளி வளையம் பளபளக்கிறது.

"நகையா, ஐயா?" என்றான் முன்வரிசையிலிருந்த மாணவன்.

"நகையல்ல தம்பி, தளை" என்றேன்.

"வில் வைத்திருப்பவன் பெயர் என்ன, ஐயா?"

"ஹென்றி டார்னல். அந்தக் குடும்பத்திலே அப்பெயர் பூண்ட மூன்றாமவன்."

"வளையம் போட்டவன் பெயர்?"

வாய் திறந்தேன், விடை வரவில்லை. நூலைப் புரட்டினேன், அதிலும் இல்லை. ஏடுகள் எழுதி வைக்கவில்லை, எவரும் கேட்டு வைக்கவில்லை. 1710-ஆம் ஆண்டையொட்டி, மேரிலாந்து நாட்டிலே, ஜெர்மானியரான ஜஸ்டஸ் எங்கல்ஹார்ட் கூன் என்பார் தீட்டிய ஓவியம் அது. அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் தீட்டப்பட்டவற்றுள், கருப்பின மனிதர் ஒருவரைக் காட்டும் மிகப் பழைய ஓவியமாக அறியப்படுவதும் அதுதான். தீட்டியவன் பெயர் தெரிகிறது. தீட்டச் சொன்ன குடும்பத்தின் பெயர் தெரிகிறது. பின்னணியில் தெரியும் பூங்காவோ, அன்றைய மேரிலாந்தில் இல்லாத பூங்கா. ஐரோப்பிய மாளிகைகளைப் பார்த்துப் பின்னிய கற்பனை. இல்லாத பூங்காவுக்கு இடம் கிடைத்தது. இருந்த சிறுவனுக்குப் பெயர் கிடைக்கவில்லை!

அன்று மாணவன் எழுப்பிய கேள்வி என்னைப் பல நாள் விடவில்லை. ஓவியமென்றால் அழகு, அழகென்றால் இன்பம் என்று கண்டு களித்து நகர்ந்து விடுவோர் உண்டு. யார் முகம், யார் பொருள், யார் உழைப்பு என்று கேட்கத் தொடங்கினாலோ, சுவரில் தொங்கும் படம் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும். அமெரிக்காவின் உருவ ஓவியங்களை அப்படி ஏற்றிப் பார்ப்போம், தோழர்களே!

நிழற்படம் பிறக்காத காலம் அது. முகத்தைக் காலத்திடமிருந்து காப்பாற்ற ஓவியர் ஒருவரே வழி. ஓவியருக்குக் கூலி தர வேண்டும். கூலி தரப் பொருள் வேண்டும். எனவே முகத்தை விட்டுச் செல்லும் உரிமை, பொருள் படைத்தவரின் தனியுரிமையாயிற்று.

மாசசூசெட்ஸில் குடியேறிய தூய்மைவாதக் கிறித்தவர்கள், வழிபாட்டு மன்றத்திலே உருவம் கூடாது, ஓவியம் கூடாது என்று கண்டிப்பாக இருந்தவர்கள். ஆண்டவன் உருவத்தை விலக்கிய அந்த ஊரிலேயே வணிகக் கோமான்களின் உருவம் சுவரேறியது. செல்வம் சேர்வது ஆண்டவன் அருளுக்கு அடையாளம் என்ற எண்ணம் அவர்களிடையே உலவியது. ஆகவே செல்வத்தைக் காட்டுவது செருக்காகப் படவில்லை, சான்றாகப் பட்டது!

பாஸ்டன் நகர வணிகர் ஜான் பிரீக் என்பாரின் மனைவி எலிசபெத்தை, 1671-ஆம் ஆண்டளவில் ஓவியர் ஒருவர் தீட்டினார். 1674-இல் குழந்தை மேரி பிறந்ததும் அதே ஓவியத்தைத் திருத்தி, தாயின் மடியிலே சேயையும் சேர்த்தனர். ஊடுகதிர்ச் சோதனை அந்த மாற்றத்தை இன்று காட்டுகிறது. சரிகைப் பின்னல், நாடா, முத்துமாலை அனைத்தும் அச்சு அசலாக இருக்கின்றன. குழந்தையின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. ஆனால் தீட்டிய கைக்கு உரியவர் யார்? தெரியாது. 'பிரீக் குடும்பத்து ஓவியர்' என்றே கலை வரலாறு அவரைக் குறிக்கிறது. கொடுத்தவனுக்குப் பெயர், உழைத்தவனுக்கு ஊகம்!

இனி 1741-க்கு வாருங்கள். ராபர்ட் பீக் என்னும் ஓவியர், ஐசக் ராயல் என்னும் இளஞ்சீமானையும் அவர் குடும்பத்தையும் தீட்டுகிறார். மேசைமீது வேலைப்பாடு மிக்க கம்பளம். அதைச் சூழ மனைவி, குழந்தை, உடன்பிறந்தாள், மைத்துனி. பக்கத்திலே சீமான் நிமிர்ந்து நிற்கிறார். அமைதி தவழும் குடும்பக் காட்சி! அந்த அமைதிக்கு விலை கொடுத்தவர் எங்கே? படத்தில் இல்லை. ராயல் குடும்பத்தின் செல்வம், ஆன்டிகுவாத் தீவிலே அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்தில் விளைந்தது. மெட்போர்டிலுள்ள அவர்கள் மாளிகையருகே அடிமைகள் வாழ்ந்த கட்டடம் இன்றும் நிற்கிறது. ராயல் விட்டுச் சென்ற சொத்தைக் கொண்டு ஹார்வர்டில் சட்டப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. அவர் குடும்பச் சின்னமான மூன்று கோதுமைக் கட்டுகள் அங்குள்ள சட்டக் கல்லூரியின் முத்திரையிலே இடம் பெற்றன. மாணவர்கள் கிளர்ந்தெழுந்த பின், 2016-இல் அந்த முத்திரை கைவிடப்பட்டது.

அந்த மாளிகையிலே அடிமையாய் இருந்தவர் பெலிண்டா. ஆப்பிரிக்க மண்ணிலிருந்து இளம் பருவத்திலேயே பறித்து வரப்பட்டவர். விடுதலைப் போர் மூண்டதும் ராயல், மன்னர் பக்கம் சாய்ந்து, நாட்டை விட்டு ஓடினார். பெலிண்டா ஓடவில்லை. 1783-இல், முதுமை தளர்த்திய நிலையில், மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். ஐம்பதாண்டு உழைத்தேன், என் உழைப்பாலும் பெருகிய செல்வத்தில் எனக்குப் பங்கில்லையா என்பது அதன் சாரம். ஆண்டுக்கு 15 பவுன் 12 ஷில்லிங் தரும்படி மன்றம் ஆணையிட்டது. பணமோ ஒழுங்காக வந்து சேரவில்லை; மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். ராயலுக்கு ஓவியம் இருக்கிறது. பெலிண்டாவுக்கு ஓவியம் இல்லை. ஆனால் எவர் சாட்சியம் இன்று உரக்கக் கேட்கிறது? பட்டுச் சட்டையா, கைந்நாட்டிட்ட விண்ணப்பமா?

இதெல்லாம் கடலுக்கப்பால் நடந்தது, நமக்கென்ன என்போர்க்கு ஒரு செய்தி. பாஸ்டனில் 1649-இல் பிறந்த எலிஹு யேல் என்பார் நம் சென்னையிலே, புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை கோலோச்சியவர். தன்னலத்துக்காக வாணிகம் நடத்தினார் என்ற குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவி இழந்தவர். ஆயினும் பெரும் பொருளோடு இங்கிலாந்து திரும்பியவர். 1718-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு அவர் அனுப்பிய அன்பளிப்பு: 417 நூல்கள், 9 பொதிச் சரக்குகள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவ ஓவியம் ஒன்று. காலிக்கோ, மஸ்லின் முதலான துணிகள் இருந்த அந்தப் பொதிகள் 562 பவுனுக்கு விற்றன. கல்லூரிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம்.

அந்த யேலுக்கும் ஓர் ஓவியம் உண்டு. 1719-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தீட்டப்பட்டது. மேசையைச் சுற்றிச் சீமான்கள். கையெட்டும் தொலைவில் மது. ஓரத்திலே பணி செய்தபடி நிற்கிறான் ஒரு கருப்பினச் சிறுவன். அவன் கழுத்திலும் வெள்ளி வளையம், அதிலே பூட்டு! மேரிலாந்தில் கண்ட அதே வளையம், அட்லாண்டிக் கடலின் இரு கரையிலும். யேலின் பெயர் பல்கலைக்கழகமாயிற்று. சிறுவனின் பெயர் காற்றோடு போயிற்று. 2020-இல் அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அச்சிறுவனைப் பற்றி ஆராயத் தொடங்கினார்கள். முந்நூறு ஆண்டு கழித்து அவர்களுக்கும் வந்தது என் மாணவன் கேட்ட கேள்வி!

சீமான்களின் கதை இருக்கட்டும். தீட்டிய ஓவியர்களின் நிலை என்ன? அவர்களிலே பலர், ஒரு நாள் கடைப் பலகைக்குப் பெயரெழுதி, மறுநாள் வண்டிக்கு வண்ணம் பூசி, அடுத்த நாள் முகம் தீட்டி வயிறு வளர்த்தவர்கள். அவர்களிடையே மலையென எழுந்தவர் ஜான் சிங்கிள்டன் காப்லி. 1738-இல் பாஸ்டனில் பிறந்தவர். தாய் புகையிலைக் கடை நடத்தியவர். மாற்றாந்தந்தை பீட்டர் பெல்ஹம் செப்புத் தகட்டிலே படம் செதுக்கும் தொழிலர். மகனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது மறைந்தார். பெரும்பாலும் தானே பயின்று, நகரின் தலைசிறந்த ஓவியரானார் காப்லி.

அவரிடம் வந்த சீமாட்டிகள் என்ன கேட்டனர்? இங்கிலாந்துப் பிரபுக்களின் மனைவியரைப் போல் தோன்ற வேண்டுமாம்! லண்டனிலிருந்து வந்த அச்சுப் படங்களைப் பார்த்து, அந்த ஆடையை, அந்த இருக்கையை, அந்தச் சாய்வை அப்படியே எடுத்து, முகத்தை மட்டும் மாற்றி வைத்தார் ஓவியர். பவர்ஸ் அம்மையார் என்பாரின் ஓவியம், ரெனால்ட்ஸ் தீட்டிய கரோலின் ரசல் சீமாட்டியின் படத்திலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டது. உடம்பு ஒருத்தியுடையது, முகம் இன்னொருத்தியுடையது! இரவல் பெருமை என்பது இதுதான்.

காப்லிக்கு ஒரு மனக்குறை இருந்தது. இந்த ஊரார் ஓவியத்தை ஒரு கலையாக மதிக்கவில்லை. தச்சு வேலை, தையல் வேலை, செருப்புத் தைக்கும் வேலை போன்ற பயனுள்ள ஒரு தொழிலாகவே எண்ணுகிறார்கள் என்று கடிதத்திலே நொந்து கொண்டார். நோவு உண்மை. ஆனால் அந்த நோவுக்குள்ளே ஒளிந்திருக்கும் நஞ்சைப் பாருங்கள்! தச்சன் என்றால் இழிவா? செருப்புத் தைப்பவன் பக்கத்திலே நிற்பது சிறுமையா? தன்னைத் தாழ்த்துகிறார்களே என்று துடித்தவர், தாழ்த்தும் ஏணியையே வெறுக்கவில்லை. அதில் தமக்கு இன்னும் உயரமான படி வேண்டுமென்றார். இந்த நோய் அமெரிக்காவோடு நின்றுவிட்ட நோயா?

ஆயினும் அவர் கை, அவர் கடிதத்தைவிடப் பெருந்தன்மையுடையது. 1768-இல் வெள்ளி வேலைக்காரர் ஒருவரைத் தீட்டினார். தலையிலே பொய்முடி இல்லை. உடம்பிலே மேலங்கி இல்லை. வெள்ளைத் துணிச் சட்டையோடு, வேலை மேசையருகே அமர்ந்திருக்கிறார் பால் ரெவியர். இடக்கையிலே, தாமே செய்த தேநீர்க் குடுவை. இன்னும் பூவேலை செதுக்கவில்லை. மேசைமீது செதுக்குளிகள். மோவாயைத் தாங்கிய விரல்கள்; நம்மை நேராகப் பார்க்கும் கண்கள். தேயிலைக்கும் பிற பொருள்களுக்கும் இங்கிலாந்து வரி விதித்த மறு ஆண்டு அது. ஊரெங்கும் தேநீரே பூசலாயிருந்த வேளை. 1775-இல், படை வருகிறது என்று நள்ளிரவிலே குதிரையேறிச் சென்று எச்சரித்தவரும் இந்த ரெவியரே. ஆனால் காப்லி காட்டியது வீரனை அல்ல, வேலை செய்பவனை. கருவிகளை மறைக்கவில்லை; கையை மறைக்கவில்லை. வெள்ளி, சிறுவனின் கழுத்திலே தளையாயிருந்தது. இங்கே உழைப்பாளியின் கையிலே பெருமையாயிற்று. ஓவியரோ 1774-இல் லண்டன் சென்றார்; பிறகு தாயகம் திரும்பவேயில்லை.

1776 வந்தது. மனிதர் யாவரும் நிகராகப் படைக்கப்பட்டவர் என்ற முழக்கம் எழுந்தது. புதிய குடியரசுக்குப் புதிய முகம் வேண்டுமே! கில்பர்ட் ஸ்டூவர்ட் என்பார் 1796-இல் வாஷிங்டனின் தலையைத் தீட்டத் தொடங்கி, முடிக்காமலேயே தம்மிடம் வைத்துக் கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் படிகள் தீட்டி விற்றார். தம் நூறு டாலர் நோட்டு என்று அதை அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அந்த முகமே இன்று ஒரு டாலர் நோட்டில் இருக்கிறது. உலகில் அதை அறியாதார் அரியர். வாஷிங்டன் 1799-இல் இறந்தபோது அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையிலே இருந்த அடிமைகள் 317 பேர். அவர்களுள் எத்தனை பேரின் முகம் நமக்குத் தெரியும்? போர்க்களமெங்கும் உடன்சென்ற வில்லியம் லீ என்பவரை, 1780-இல் டிரம்புல் என்னும் ஓவியர், வாஷிங்டனுக்குப் பின்னே தலைப்பாகையோடு தீட்டினார். அதுவும் லண்டனில் இருந்தபடி, நினைவிலிருந்து தீட்டியது. நிகர் என்ற முழக்கம் தாளிலே நின்றது; திரைச்சீலையில் பழைய ஓரமே மிஞ்சியது.

ஓரத்திலே நிற்கவைக்கப்பட்டவர் ஓரத்திலேயே நின்றுவிட்டனரா? இல்லை, தோழர்களே, இல்லை! இங்கேதான் வரலாறு நிமிர்கிறது.

பாஸ்டனில் அடிமையாயிருந்த பில்லிஸ் வீட்லியின் கவிதை நூல் 1773-இல் லண்டனில் வெளிவந்தது. முகப்பிலே அவர் படம்: மேசை, மைக்கூடு, கையிலே இறகுப் பேனா, சிந்தனையில் ஆழ்ந்த முகம். சுற்றிலும் பொறித்த எழுத்து, இன்னாரின் ஊழியப் பெண் என்றது. பேனாவோ, நான் கவிஞர் என்றது! அந்தப் படத்தின் மூலத்தை வரைந்தவர், அதே ஊரில் அடிமையாயிருந்த சிப்பியோ மூர்ஹெட் என்று கருதுவர். அவர் கையொப்பமிட்ட ஓவியம் ஒன்றும் எஞ்சவில்லை. ஆயினும் பில்லிஸ் அந்த இளம் ஓவியரைப் பாராட்டிக் கவிதை எழுதி அதே நூலில் சேர்த்தார். அடிமையைத் தீட்டிய அடிமை. தீட்டியவனைப் பாடிய அடிமை. எசமானர் தராத புகழை ஒருவர்க்கொருவர் தந்து கொண்டனர்.

பால்டிமோரிலே ஜோஷுவா ஜான்சன். தந்தை வெள்ளையர், தாய் அடிமை. 1764-இல் தந்தையே மகனை விலை கொடுத்து வாங்கினார். 1782-இல் விடுதலை எழுதித் தரப்பட்டது. கொல்லுப்பட்டறையில் தொழில் பழகிய அந்த இளைஞர் தூரிகை ஏந்தினார். 1798-இல் செய்தித்தாளில் அவர் தந்த விளம்பரம், கடத்தற்கரிய தடைகளைச் சந்தித்தும் தாமே கற்றுத் தேர்ந்தவர் என்று அறிவித்தது. எத்தகைய தடைகள் என்று சொல்லவில்லை, சொல்லவா வேண்டும்! கப்பல் தலைவர்கள், வணிகர்கள், அவர்தம் மனைவி மக்கள் அவர்முன் அமர்ந்தனர். இன்று 80-க்கும் மேற்பட்ட ஓவியங்கள் அவருடையவை என மதிக்கப்படுகின்றன. 1816-இல் பால்டிமோர் நகரப் பெயரேடு, விடுதலை பெற்ற கருப்பினக் குடித்தலைவர் பட்டியலில் அவரைக் குறித்தது. பிறகு உலகம் மறந்தது. 1939-இல்தான் ஆராய்ச்சியாளர் ஒருவர் மீட்டெடுத்தார்.

பிலடெல்பியாவிலே சார்லஸ் வில்சன் பீல். ஓவியர், போர்வீரர், அருங்காட்சியகம் கண்ட அறிஞர். தம் மக்களுக்கு ராபேல், ரெம்பிராண்ட், டிஷியன், ரூபன்ஸ் என்று ஓவிய மேதைகளின் பெயரையே சூட்டியவர். அதே வீட்டிலே அடிமையாய் வளர்ந்தவர் மோசஸ் வில்லியம்ஸ். வீட்டுப் பிள்ளைகள் வண்ணம் தீட்டக் கற்றனர். மோசஸ் கற்றதோ, அருங்காட்சியகத்துக்காக விலங்கு பறவைகளைப் பதப்படுத்துவது. பிறகு கத்தரிக்கோல் பிடிப்பது. 1802-இல் அங்கே ஒரு பொறி வந்தது. அமர்ந்தவரின் பக்கவாட்டு முகக்கோட்டைத் தாளிலே சிறிதாக்கிப் பதிக்கும் பொறி. அந்தக் கோட்டை வெட்டியெடுத்துக் கருந்தாள்மேல் வைத்தால் நிழலுருவம். அவ்வாண்டு விடுதலை பெற்ற மோசஸ், 1803-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட உருவங்களை வெட்டினார். கட்டணம் 8 சென்ட்! பொன் கொடுத்து ஓவியம் தீட்ட முடியாத எளியவனும் தன் முகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றான். முகம் என்னும் தனியுரிமையை மக்களுக்கு மலிவாக்கியது, முகமற்றவராக வைக்கப்பட்ட ஒருவரின் கத்தரிக்கோல்!

ஆனால் அந்தத் தாள்களிலே பொறித்த முத்திரை அருங்காட்சியகத்தின் பெயர், மோசஸின் பெயரன்று. அந்த வீட்டுச் சமையற்காரி வெள்ளையினப் பெண். மோசஸோடு ஒரே மேசையிலே உண்ண மறுத்தவள். அவர் தம் உழைப்பால் நிமிர்ந்த பின், அவரையே மணந்தாள். உடன் உண்ணலாகாது என்ற கட்டளை எந்த வானத்திலிருந்தும் இறங்கவில்லை. எட்டு சென்ட் வருவாயின் முன்னே அது பறந்துவிட்டது, பார்த்தீர்களா!

முதுமையிலே பீல், தூரிகையால் ஒரு கடன் தீர்த்தார். 1819-இல் ஜார்ஜ்டவுன் சென்று, யாரோ மாமவுட் என்னும் முதியவரைத் தீட்டினார். 'யாரோ'! நம் செவிக்கு அது பெயரற்றவனின் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து 1752-இல் கொண்டுவரப்பட்ட முஸ்லிம். 44 ஆண்டு அடிமை வாழ்வுக்குப் பின் 1796-இல் விடுதலை பெற்றவர். சேர்த்த பணத்தை இருமுறை இழந்தும் மூன்றாம் முறை சேர்த்தார், வீடு வாங்கினார், வங்கிப் பங்கும் வைத்திருந்தார். பின்னல் தொப்பியின் கீழே, உதட்டோரத்துப் புன்னகையோடு நம்மைப் பார்க்கிறார். கைப்பிடிச் சுவருக்கு மறுபுறம் அல்ல, நடுவிலே! பெயரிலே யாரோ, ஆனால் யாரோ எவரோ என்று இனித் தள்ள முடியாதவர்.

இறுதியாக ஒரு கொல்லர். பாட்ரிக் லயன், பிலடெல்பியாவிலே பூட்டும் இரும்பும் செய்தவர். 1798-இல் வங்கி கொள்ளை போயிற்று. கதவுக்கு வேலை செய்தவன் லயன்தானே, அவன்தான் திருடன் என்றனர் பெரிய மனிதர்கள். வேற்றூரில் இருந்த அவர், பழி கேட்டுத் தாமே திரும்பி வந்தார், சிறையிலே தள்ளினர். உண்மைத் திருடன் அகப்பட்ட பின்னும் உடனே விடவில்லை. லயன் வழக்குத் தொடுத்தார், 1805-இல் வென்றார். பின்பு செல்வரானார். ஓவியர் ஜான் நீகலிடம் சென்று, என்னைக் கனவானாகத் தீட்டாதீர், கொல்லனாகத் தீட்டும் என்றார். 1827-இல் முடிந்த ஓவியம் பேருருவம்: தோல் முன்றானை, சுருட்டிய சட்டைக்கை, சம்மட்டி, பின்னே செந்தழல். சாளரம் வழியே தெரிகிறது, அவரை அடைத்து வைத்த சிறைச்சாலை! நாட்டுத் தலைவர்க்கென ஒதுக்கிய முழு உருவ அளவிலே உழைப்பாளி எழுந்து நின்றார். காப்லி தீட்டிய சீமாட்டி இரவல் ஆடை கேட்டாள். லயன் சொந்தக் கரியைக் கேட்டார். எது பெருமை?

1839-இல் நிழற்படம் பிறந்தது. அடிமைத் தளையை உடைத்து வந்த பிரெடரிக் டக்ளஸ், வெள்ளை ஓவியர் கையில் கருப்பின முகம் திரிந்து போகிறதென்று இடித்துரைத்தவர், அந்தக் கருவியின் வலிமையை உணர்ந்தார். 160-க்கும் மேற்பட்ட படங்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கருள் மிகுதியாகப் படமெடுக்கப்பட்டவர், ஒரு காலத்தில் அடிமையாயிருந்தவர்.

மறுவாரம் அதே வகுப்பிலே அதே ஓவியத்தைக் காட்டினேன். "அவன் பெயர் தெரியவில்லை, தம்பி, எழுதி வைக்காதது அவன் குற்றமல்ல" என்றேன். பிறகு கரும்பலகையிலே எழுதினேன்: பெலிண்டா, பில்லிஸ் வீட்லி, சிப்பியோ மூர்ஹெட், ஜோஷுவா ஜான்சன், மோசஸ் வில்லியம்ஸ், யாரோ மாமவுட். பிள்ளைகள் படியெடுத்துக் கொண்டனர். முன்வரிசை மாணவன் மட்டும், கடைசிப் பெயருக்குக் கீழே ஒரு வரியை வெறுமையாக விட்டு வைத்தான்.

"அது எதற்கு?" என்று கேட்டேன்.

"தெரிந்தால் எழுத, ஐயா" என்றான்.

மாளிகையிலோ மன்றத்திலோ பழைய ஓவியம் எதையேனும் காணும்போது, ஒளி விழும் நடுவிடத்தோடு நின்றுவிடாதீர்கள், தோழர்களே. ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் நிற்பவனின் பெயரைக் கேளுங்கள். விடை கிடைக்காவிட்டாலும் கேளுங்கள். கேட்காமல் இருந்த தலைமுறைகளே அந்த வரியை வெறுமையாக்கின.